அனாதை: ஒரு சொல்லின் பொருளும் வேரும்

‘அனாதைப் பிணம்’ என்ற தொடர் செய்திகளில் அடிபடுவது புதிதல்ல. ரயில் நிலையத்தில் யாரோ விட்டுச்சென்ற பையை ‘அனாதையாகக் கிடந்த பை’ என்று எழுதுவதும் வழக்கம்தான். எழுபது வயதில் இறந்து கிடப்பவருக்குத் தாய் தந்தை இல்லை என்பது யாருக்கும் செய்தியாகாது. பைக்குப் பெற்றோர் உண்டா என்ற கேள்விக்கே இடமில்லை. இரண்டு இடத்திலும் அந்தச் சொல் தெரிவிப்பது, ‘இது என்னுடையது’, ‘இவர் எங்கள் வீட்டவர்’ என்று உரிமை சொல்லி வர ஆளில்லை என்பதைத்தான். ஆனால் அனாதை என்றால் யார் என்று கேட்டால், தாயையும் தந்தையையும் சாவில் இழந்த குழந்தை என்ற விடையே பெரும்பாலோரிடமிருந்து வரும். இந்த இரண்டு பொருள்களில் மூத்தது முதலாவதுதான். பெற்றோர் இருவரும் இறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. தமிழில் மட்டுமல்லாமல், ஆங்கிலத்தின் ‘ஆர்ஃபன்’ உட்பட வேறு பல மொழிகளிலும் இதே நிலைதான். உலகில் எத்தனை குழந்தைகள் அனாதைகள் என்ற கணக்கும், எந்தக் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்ற சட்டமும் இந்தப் பொருள் வேறுபாட்டைச் சார்ந்திருப்பதால், இது அகராதிக்காரர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தியாக இல்லை.

நம் சொல்லிலிருந்தே தொடங்கலாம். வடமொழியில் ‘நாத’ என்றால் தலைவன், காப்பவன், புகலிடம். அதற்கு முன்னால் எதிர்மறை ‘அ’ சேர்ந்தால் ‘அநாத’, அதாவது காப்பவன் இல்லாத நிலை. வடசொற்களின் ஆகார இறுதி தமிழுக்கு வரும்போது ஐகாரமாவது நன்னூல் சொல்லும் விதி; சீதா சீதை ஆனதுபோல அநாதா என்ற பெண்பால் வடிவம் அநாதை ஆகி, பின்பு பால் வேறுபாடின்றி எல்லாருக்கும் பொதுவாயிற்று. எழுத்தில் மிக நெருங்கித் தோன்றும் ‘அநாதி’ முற்றிலும் வேறு சொல்: அது ஆதி இல்லாதது, தொடக்கம் அற்றது என்று பொருள்படும். தமிழ் எழுத்தில் தகர வேறுபாடுகள் தெரிவதில்லை என்பதால் இரண்டையும் ஒரே வேரில் கட்டிவிடுவோர் உண்டு. அது பிழை.

‘நாத’ என்ற பகுதியில் பெற்றோரும் இல்லை, சாவும் இல்லை, குழந்தைகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புத்தருக்கு ஜேதவனத்தை வாங்கி அளித்த சாவத்தி நகரத்து வணிகர் சுதத்தர், அநாதபிண்டிகர் என்ற பெயரால்தான் பௌத்த நூல்களில் அறியப்படுகிறார். அநாதருக்குச் சோறிடுபவர் என்பது அதன் பொருள். அங்கே அநாதர் என்பது வயது பாராமல் ஆதரவற்ற எல்லாரையும் குறிக்கிறது. நாம் இன்றும் சொல்லும் ‘கேட்க நாதியில்லை’ என்பதும் இதே எண்ணத்தின் இன்னொரு வடிவம். நாதி என்பதைக் காப்பவன் என்றும் கொள்ளலாம், உறவினன் என்றும் கொள்ளலாம். எப்படிக் கொண்டாலும், ஒருவனுக்கு அநீதி நடக்கும்போது எழுந்து வந்து கேட்க ஆள் இருக்கிறதா என்பதே அந்தத் தொடரின் கேள்வி.

வடசொல் வழக்கில் நிலைபெறுவதற்கு முன்பு தமிழ் இதை எப்படிச் சொன்னது என்று பார்த்தால், தனிச் சொல் ஒன்றைத் தேடிப் போக வேண்டியதில்லை. இழந்ததைச் சொல்லியே நிலையைச் சொல்லிவிடுகிறார்கள். மணிமேகலையில் ஆபுத்திரன் மதுரையில் பிச்சை ஏற்றுக் கொண்டுவந்த சோற்றைப் பகிரும்போது, ‘காணார் கேளார் கால்முடப் பட்டோர் பேணுநர் இல்லோர் பிணிநடுக் குற்றோர்’ என எல்லாரையும் அழைக்கிறான். பேணுநர் இல்லோர் என்பதைவிடச் சரியாக ‘அநாத’ என்பதைத் தமிழில் சொல்ல முடியாது. இதில் ஒரு கூடுதல் நுட்பமும் இருக்கிறது. ஆபுத்திரன் இன்று நாம் சொல்லும் பொருளில் அனாதை அல்லன்; தாய் சாலி உயிரோடு இருந்தபடியே அவனைக் கைவிட்டுப் போனாள். ஒரு பசு பாலூட்டியது, ஓர் அந்தணர் எடுத்து வளர்த்தார். பெற்றவள் இருந்தும் பேணுவார் இல்லாமல் கிடந்த குழந்தை, வளர்ந்த பின் பேணுநர் இல்லோரைத் தேடிச் சோறிடுகிறது.

புறநானூற்றின் 112ஆம் பாடல் இன்னும் நேரடியானது. பறம்பு மலையை வேந்தர் கைக்கொண்டு பாரி மாண்டபின், அவன் மகளிர், அன்றைய நிலவொளியில் ‘எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர்கொளார்’ என்றும், இன்றைய நிலவொளியில் குன்றும் போயிற்று, ‘யாம் எந்தையும் இலமே’ என்றும் சொல்கிறார்கள். தந்தையும் நிலமும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. தாயைப் பற்றிய பேச்சே எழவில்லை. பிறகு கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு இருங்கோவேளிடம் சென்று, ‘யானே தந்தை தோழன், இவர் என் மகளிர்’ என்கிறார். பேணுநர் இல்லாத இடத்தில் ஒருவர் தன்னையே பேணுநராக அறிவித்துக்கொள்ளும் வாக்கியம் அது. தந்தை, உடைமை, பின் வேறொருவரின் பொறுப்பு என்ற இந்த மூன்றும் சேர்ந்த நிலையைத்தான் கிரேக்கர்களும் அரபியர்களும் சீனர்களும் தத்தம் சொற்களில் பொதிந்து வைத்திருக்கிறார்கள்.

ஆங்கிலச் சொல் பிற்கால இலத்தீனின் ‘ஓர்ஃபனுஸ்’ வழியாகக் கிரேக்கத்தின் ‘ஓர்ஃபனோஸ்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கு முன்பு ஆங்கிலத்துக்குச் சொந்தச் சொல் இல்லாமல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அனாதைக் குழந்தைக்குப் பெயர் ‘ஸ்டேயொப்சில்ட்’. இழந்த, பறிகொடுத்த என்ற பொருள்கொண்ட முன்னொட்டும் குழந்தை என்ற சொல்லும் சேர்ந்தது அது. கிரேக்கச் சொல் வந்து அந்த இடத்தைப் பிடித்தபின், பழைய சொல் கணவனின் அல்லது மனைவியின் முந்தைய மணத்துப் பிள்ளையைக் குறிப்பதாகச் சுருங்கி, ‘ஸ்டெப்சைல்ட்’ என்று இன்றும் வாழ்கிறது.

கிரேக்கச் சொல்லின் உறவினர்கள் வியப்பூட்டும் கூட்டம். இந்தோ ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்த மூலத்திலிருந்து, இலத்தீனின் ‘ஓர்புஸ்’, ஆர்மேனிய மொழியில் அனாதையைக் குறிக்கும் ‘ஓர்ப்’, ஜெர்மன் மொழியில் மரபுரிமைச் சொத்தைக் குறிக்கும் ‘எர்பே’, ஸ்லாவிய மொழிகளில் அடிமையைக் குறிக்கும் ‘ரப்’ ஆகியவை கிளைத்திருக்கின்றன. சிறிய, இளைய என்று பொருள்படும் வடமொழியின் ‘அர்ப’ என்பதையும், வேலையைக் குறிக்கும் ஜெர்மன் ‘ஆர்பைட்’ என்பதையும் இதே குடும்பத்தில் சேர்ப்பது பரவலான கருத்து. செக் மொழியில் கட்டாய உழைப்புக்கு ‘ரோபோத்தா’ என்று பெயர். காரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தில் செயற்கை மனிதர்களுக்குப் பெயர் தேடியபோது அவருடைய அண்ணன் யோசெஃப் அந்தச் சொல்லிலிருந்து உருவாக்கிக் கொடுத்ததுதான் ‘ரோபோ’. அனாதை, வாரிசு, அடிமை, இயந்திர மனிதன் ஆகிய நால்வரும் ஒரே வேரின் பிள்ளைகள் என்பது விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் ஒருவரின் கையிலிருந்து இன்னொருவரின் கைக்கு மாறுதல், ஒரு நிலையிலிருந்து வேறொரு நிலைக்கு நகர்தல் என்பது மூலப்பொருளாக இருந்திருக்க வேண்டும் என்று கொண்டால் எல்லாம் பொருந்திவிடுகின்றன. தந்தை இறந்ததும் சொத்து கைமாறுகிறது. அதைப் பெறுபவன் வாரிசு. குழந்தையும் கைமாறுகிறது, அதுவே அனாதை. புதிய கையில் அதற்குக் காத்திருப்பது பெரும்பாலும் உழைப்பு.

இலத்தீனின் ‘ஓர்புஸ்’ இன்னொரு வகையிலும் நமக்கு உதவுகிறது. பெற்றோரை இழந்த பிள்ளையைப் போலவே பிள்ளையை இழந்த பெற்றோரையும் அது குறித்தது. கண்ணை இழந்தவரையும் குறித்தது. இத்தாலிய மொழியிலும் ருமேனிய மொழியிலும் அதன் வழிவந்த சொல்லுக்கு இன்று பார்வையற்றவர் என்பதே பொருள். இழப்புதான் சொல்லின் உயிர். யாரை இழந்தார் என்பது இடத்துக்கு இடம் மாறியது.

விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள் என்பேன். யோவான் நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களிடம் பேசும் இடத்தில் மூலத்தில் ‘ஓர்ஃபனோஸ்’ என்ற சொல்லே இருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வளர்ந்த மனிதர்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை ‘நான் உங்களைத் திக்கற்றவர்களாக விடேன்’ என்று தருகிறது. திக்கற்றவர் என்ற சொல்லில் பெற்றோர் பேச்சு இல்லை. போக்கிடம் இல்லை என்ற பேச்சு மட்டுமே உண்டு.

கிரேக்கத்தில் இந்தச் சொல் எப்படி வாழ்ந்தது என்பதைக் காட்ட ஹோமரின் இலியத்தில் ஓரிடம் இருக்கிறது. 22ஆம் காண்டத்தில், போரில் வீழ்ந்த ட்ராய் இளவரசன் ஹெக்டரின் உடலைக் கண்டு மனைவி ஆந்த்ரோமகே புலம்புகிறாள். அழுகை கணவனுக்காகத் தொடங்கினாலும் விரைவிலேயே மகனிடம் திரும்பிவிடுகிறது. அனாதையாகும் நாள் ஒரு பிள்ளையைத் தன்னொத்த பிள்ளைகளிடமிருந்து பிரித்துவிடும்; அவன் நிலங்களைப் பிறர் பறித்துக்கொள்வார்கள்; தந்தையின் நண்பர்களிடம் போய் ஒருவரின் மேலாடையையும் இன்னொருவரின் அங்கியையும் பிடித்து இழுப்பான்; இரக்கப்பட்டு ஒருவர் கிண்ணத்தைச் சிறிது நேரம் நீட்டினால் உதடு நனையுமே தவிர அண்ணம் நனையாது; இரு பெற்றோரும் உள்ள ஒரு பையன் அவனை அடித்து, ‘உன் தந்தை எங்களோடு விருந்துண்பவர் அல்லர், போ’ என்று விரட்டுவான். இத்தனையையும் சொல்பவள் அந்தப் பிள்ளையின் தாய். அவள் உயிரோடு, அவன் பக்கத்தில் இருக்கிறாள். ஆயினும் அவன் அனாதை. விருந்தில் இடம் பெற்றுத் தருவதும் நிலத்தைக் காப்பதும் தந்தையின் வேலை என்றிருந்த சமூகத்தில் தாயின் இருப்பு கணக்கில் சேரவில்லை.

அந்த முரட்டுப் பையனைக் குறிக்க ஹோமர் பயன்படுத்தும் சொல் தாயும் தந்தையும் ஆகிய இருபக்கமும் தழைத்தவன் என்று பொருள்படுகிறது. பிற்காலக் கிரேக்கச் சடங்குகளில் அத்தகைய பிள்ளைகளுக்குத் தனி மதிப்பு இருந்தது. ஒலிம்பியாவில் வெற்றியாளரின் மாலைக்கு வேண்டிய ஒலிவக் கிளையை வெட்டுபவன் பெற்றோர் இருவரும் உயிருடன் உள்ள சிறுவனாக இருக்க வேண்டும். அனாதைக்குப் பெயர் வைத்த மொழி அதன் எதிர்நிலைக்கும் பெயர் வைத்திருந்தது என்பது, இரண்டும் வெறும் துயரக் குறிப்புகளாக இல்லாமல் சமூக நிலைகளாகவே எண்ணப்பட்டன என்பதற்குச் சான்று.

ஏதென்ஸில் அது சட்ட நிலையாகவும் இருந்தது. புகழ்பெற்ற பேச்சாளர் தெமொஸ்தெனிஸ் ஏழு வயதில் தந்தையை இழந்தார். தாய் கிளெயோபூலே உயிருடன் இருந்தாலும் பெண் என்பதால் சொத்துக்கோ மகனுக்கோ அவள் பாதுகாவலர் ஆக முடியாது. ஆயுதப் பட்டறை ஒன்றும் கட்டில் பட்டறை ஒன்றும் அடங்கிய சொத்தைத் தந்தை மூன்று பாதுகாவலர்களிடம் ஒப்படைத்திருந்தார். ஏறக்குறைய 14 தாலந்து பெறுமானமான அந்தச் சொத்தில், வயது வந்தபோது தன் கைக்கு வந்தது 70 மினா, அதாவது ஒரு தாலந்தைச் சற்றே தாண்டிய தொகை என்று அவர் நீதிமன்றத்தில் கணக்குக் காட்டினார். கிறித்துவுக்கு முன் 364 அளவில், இருபது வயதில், பாதுகாவலர்களில் ஒருவரான அஃபோபஸ் மீது தொடுத்த வழக்கில் வென்றார். அவருடைய பேச்சுத் தொழில் தொடங்கியதே அங்கேதான். போரில் மாண்டவர்களின் பிள்ளைகளை ஏதென்ஸ் அரசு பொதுச் செலவில் வளர்த்து, வயது வந்ததும் நாடக விழாவில் மக்கள் முன்னிலையில் படைக்கலம் அணிவித்து நிறுத்தியது. தந்தையின் இடத்தில் நகரம் வந்து நின்றது என்பதே அந்த அணிவகுப்பின் பொருள். அந்தப் பிள்ளைகளுக்கும் வீட்டில் தாய்மார் இருந்திருப்பார்கள்.

பிற மொழிகளும் பெரும்பாலும் தந்தையையே அளவுகோலாக்கின. அரபு மொழியின் ‘யத்தீம்’ பருவமடையாத, தந்தையற்ற பிள்ளையைக் குறிக்கும். விலங்கின் குட்டியானால் தாயை இழந்ததே யத்தீம் என்று அரபு அகராதியாளர்கள் வேறுபடுத்துகிறார்கள். யார் உணவூட்டிக் காக்கிறாரோ அவரை இழந்ததுதான் அளவு என்பது இதில் அப்பட்டமாகத் தெரிகிறது. தனித்திருத்தல் என்ற பொருளும் அந்தச் சொல்லில் உண்டு. ஆகவே ஈடிணையற்ற முத்தையும் அரபியில் அதே சொல்லால் குறிப்பார்கள். திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் யத்தீம்களைப் பற்றிப் பேசத் தொடங்கியதுமே அவர்களுடைய சொத்தைக் கலந்து விழுங்காதீர்கள் என்றும், பருவம் வந்து பக்குவம் தெரிந்தால் ஒப்படைத்துவிடுங்கள் என்றும் கட்டளையிடுகிறது. சீனத்தில் தத்துவ அறிஞர் மென்சியஸ், முதுமையில் மனைவியற்றவன், முதுமையில் கணவனற்றவள், முதுமையில் பிள்ளையற்றவர், இளமையில் தந்தையற்றவர் என்று நால்வரை நான்கு சொற்களால் குறித்து, முறையிட இடமில்லாதவர்கள் இவர்களே என்கிறார். இந்த நான்காம் சொல்லான ‘கூ’ என்பதைப் பழைய சீனச் சிற்றரசர்கள் பணிவுக்காகத் தங்களுக்கே பெயராகச் சொல்லிக்கொண்டார்கள். மெசொப்பொத்தாமியாவில் நாலாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட உர் நம்மு சட்டத்தொகுப்பின் முன்னுரை, அனாதையைச் செல்வனிடமும் கைம்பெண்ணை வலியவனிடமும் தான் ஒப்படைக்கவில்லை என்று அரசனின் வாயால் பெருமை பேசுகிறது. அனாதையும் கைம்பெண்ணும் பழைய நூல்களில் இணைபிரியாமல் வருவதன் காரணமும் இதுவே: வீட்டின் ஆண் தலைவன் இறந்தால் ஒரே நாளில் இருவரும் உருவாகிறார்கள்.

இந்தப் பொருளின் நீண்ட வாழ்வு சில நிறுவனப் பெயர்களில் உறைந்து நிற்கிறது. இடைக்கால இலண்டனில் அனாதைகள் நீதிமன்றம் என்று ஒன்று இருந்தது. நகர உரிமை பெற்ற வணிகர் இறந்தால் அவருடைய பிள்ளைகளின் பங்கைப் பெற்றுக் காப்பது அதன் வேலை. அந்தப் பணத்தைக் கையாண்ட நகரக் கருவூலமே கடனில் மூழ்கி, 1694இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அனாதைகளின் கடனைத் தீர்க்க ஏற்பாடு செய்ய வேண்டிவந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா, மேரிலாந்து மாநிலங்களில் உயில், மரபுரிமை வழக்குகளை விசாரிக்கும் மன்றங்களுக்கு இன்றும் அனாதைகள் நீதிமன்றம் என்றே பெயர். தொண்ணூறு வயதுப் பெரியவரின் உயிலைப் பற்றிய சண்டை அங்கேதான் நடக்கும். பெயரைக் கண்டு குழம்புபவர்கள், அனாதை என்பது முதலில் சொத்துச் சட்டத்தின் சொல் என்பதை மறந்தவர்கள்.

வீதியில் கிடந்து எடுக்கப்பட்ட குழந்தை அந்தக் காலத்தில் வேறு வகை. ஃபிளாரன்ஸில் 1445இல் திறக்கப்பட்ட குழந்தைகள் காப்பகமும், தாமஸ் கோரம் 1739இல் அரச பட்டயம் பெற்று இலண்டனில் நிறுவிய காப்பகமும் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கானவை. அனாதைக்கு ஊரறிந்த தந்தை பெயரும், பல வேளைகளில் சொத்தும் இருந்தன. கைவிடப்பட்ட குழந்தைக்கு இரண்டும் இல்லை. இத்தாலியில் இன்றும் பரவலாக உள்ள எஸ்போசித்தோ என்ற குடும்பப் பெயருக்கு ‘வெளியே விடப்பட்டவர்’ என்பதே பொருள். பின்னாளில் பெருங்காப்பகங்கள் இரு வகையினரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தன. வறுமையால் பெற்றோரே கொண்டுவந்து விட்ட பிள்ளைகளும் அங்கே சேர்ந்தார்கள். கட்டடத்தின் பெயர் உள்ளே இருப்பவர்களின் பெயராயிற்று. அனாதை என்றால் பெற்றோர் இருவரும் இல்லாதவர் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்க, உள்ளே இருந்தவர்களில் பலருக்குப் பெற்றோர் இருந்தார்கள்.

இந்த இடைவெளி இன்றும் அடைபடவில்லை. பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்த, 18 வயதுக்கு உட்பட்டவரை அனாதை என்று யூனிசெஃப் வரையறுக்கிறது. எய்ட்ஸ் நோயால் பெற்றோர் பெருமளவில் இறந்துகொண்டிருந்த 1990களின் நடுப்பகுதியில் நிலைபெற்ற வரையறை அது. ஒருவர் இறந்தாலே குடும்பம் நிலைகுலைந்தது என்பதால் அதற்கு நியாயம் இருந்தது. அதன்படி 2015இல் உலகில் அனாதைகள் ஏறக்குறைய 14 கோடி. அவர்களில் இருவரையும் இழந்தவர்கள் சுமார் 1.51 கோடி. ஒன்பதில் ஒருவர்தான். முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, இத்தனை கோடிக் குழந்தைகளுக்கு வீடு தேட வேண்டும், காப்பகம் கட்ட வேண்டும் என்று புறப்படுபவர்கள், அவர்களில் பெரும்பாலோர் தாயுடனோ தந்தையுடனோ தாத்தா பாட்டியுடனோ வாழ்கிறார்கள் என்பதைக் காண்பதில்லை. 2010ஆம் ஆண்டு ஹெய்தி நிலநடுக்கத்துக்குப் பிறகு, அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு குழு 33 குழந்தைகளை அனாதைகள் என்று சொல்லி எல்லை கடத்த முயன்று பிடிபட்டது. விசாரித்தபோது அவர்களில் பலருக்குப் பெற்றோர் உயிருடன் இருந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்குத் தேவைப்பட்டது வேறு பெற்றோர் அன்று. இருக்கும் பெற்றோருக்குக் கிடைக்க வேண்டிய உதவி.

சட்டங்களோ, பெரும்பாலும் தங்களை அறியாமலே, பழைய பொருளுக்குத் திரும்பியிருக்கின்றன. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் பெற்றோர் இறந்தால் மட்டுமின்றி, காணாமற்போனாலும் கைவிட்டாலும் பிரிந்துவிட்டாலும் குழந்தை அனாதையாகலாம். இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம், பெற்ற பெற்றோரோ தத்தெடுத்த பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ இல்லாத குழந்தையையும், பாதுகாவலர் இருந்தும் அவர் ஏற்க விரும்பாத அல்லது ஏற்று வளர்க்க இயலாத குழந்தையையும் அனாதை என்கிறது. கைவிடப்பட்ட குழந்தை, பெற்றோர் தாமாக ஒப்படைத்த குழந்தை என்பவற்றுக்கு அதே சட்டத்தில் தனித்தனி வரையறைகள் உண்டு. ‘பாதுகாவலர்’ என்ற இடத்தில் ‘நாத’ என்று எழுதிப் பார்த்தால் சட்டப் பிரிவு அப்படியே வடசொல்லின் பிரிப்பாக ஆகிவிடும்.

பொருட்களுக்கு இந்தச் சொல்லை வழங்கும் புதிய வழக்கும் அதே திசையில்தான் போகிறது. நோயாளிகள் மிகக் குறைவாக இருப்பதால் எந்த நிறுவனமும் தயாரிக்க முன்வராத மருந்து அனாதை மருந்து. 1983இல் அமெரிக்கா இதற்கெனச் சட்டம் இயற்றியது. உரிமையாளர் யாரென்று கண்டுபிடிக்க முடியாத பதிப்புரிமைப் படைப்பு அனாதைப் படைப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு ஆணை அதை முறைப்படுத்துகிறது. கணினியில் தன்னைத் தொடங்கிய செயல்முறை முடிந்துபோன பின்பும் ஓடிக்கொண்டிருப்பது அனாதைச் செயல்முறை. யூனிக்ஸ் அமைப்பில் அதை முதல் செயல்முறை தத்தெடுத்துக்கொள்ளும். இவற்றில் எதிலும் யாரும் சாகவில்லை. பொறுப்பேற்க ஒருவர் இல்லை, அல்லது புதிதாக ஒருவர் ஏற்கிறார், அவ்வளவே.

மனிதரைக் குறிக்கும் இடங்களில் அனாதை என்ற சொல்லைத் தவிர்ப்பதே இன்றைய எழுத்து வழக்கு. காப்பகங்களின் பெயர்ப்பலகையிலும் அலுவலகத் தாள்களிலும் ‘ஆதரவற்றோர்’ வந்துவிட்டது. வசைச்சொல்லாகவும் ஆகிவிட்ட ஒன்றைக் குழந்தையின் மேல் ஒட்டாமல் இருப்பது நல்லதே. பொருளைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வேறுபாடு மிகக் குறைவு: ஆதரவற்ற என்பது ‘அநாத’ என்பதன் ஏறக்குறைய நேர் விளக்கம். அரசுச் சான்றிதழ்களில் ‘ஆதரவற்ற விதவை’ என்ற பிரிவும் இருப்பதால், உர் நம்முவின் முன்னுரையில் அருகருகே நின்ற இருவரும் இந்தப் புதிய சொல்லுக்குள்ளும் அருகருகே நிற்கிறார்கள்.